மூன்றாவது கத்தல்

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடைசிப் புண்ணையும் கட்டி அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகும் நாற்றம் போகவில்லை. இராயபுரத்தில் கரிக்கிடங்கை ஒட்டியிருந்த அந்த டிஸ்பென்சரியில் பதினாறு வருஷமாகப் புண் கழுவிக் கட்டுகிற டிரஸ்ஸர் செல்வநாதனுக்கு நாற்றத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கரி சுமக்கிறவன் புண் ஒரு மாதிரி நாறும், மீன் பிடிக்கிறவன் புண் வேறு மாதிரி நாறும், குடிகாரன் புண்ணில் புளித்த வாடை தனியாகத் தெரியும். எல்லாம் அதனதன் சொந்தக்காரனோடு வந்து அவனோடு போய்விடும். இன்று வந்தது மட்டும் தரை கழுவிய லைசால் நெடியையும் ஜன்னல் வழியாக வந்த கரித்தூளையும் உப்புக்காற்றையும் மீறிக்கொண்டு அவன் நின்ற இடத்திலேயே நின்றது. மேஜைக்குப் போனால் மேஜைக்கு வந்தது.

“பச்சையம்மா, வாளியைக் கொட்டினாயா இல்லையா?”

பச்சையம்மா புளியந்தோப்பிலிருந்து வருகிறவள். தரை கழுவுவது, கட்டுத்துணி வேகவைப்பது, கத்துகிறவர்களின் காலை அமுக்கிப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை.

“அப்பவே கொட்டி வெயில்ல கவுத்துட்டேன்யா. போயி பாரு.”

“அப்படியென்றால் இது என்ன நாற்றம்?”

அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். இந்த ஜனங்களுக்கெல்லாம் ஆண்டவன் மூக்கு என்று ஒன்றை எதற்கு வைத்தான் என்று நினைத்தபடி செல்வநாதன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். டிராமில் பக்கத்தில் ஒரு தோல் மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். நாற்றத்துக்கு ஆள் கிடைத்துவிட்ட திருப்தியில் செல்வநாதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரை முறைத்தான். கல்மண்டபம் வருவதற்குள் அவரே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்டையார்பேட்டையில் வீட்டுக்குள் நுழைந்ததும் ராஜாத்தியின் மேல் பாய்ந்தான். “கருவாடு வாங்காதே என்று எத்தனை தடவை சொல்வது?”

“கருவாடு எங்க வாங்கினேன்? கத்திரிக்கா கொழம்புதான் வெச்சிக்கீறேன்,” என்றாள் மனைவி. கிட்டே வந்தவள் நின்றாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். “ஷூவ கழட்டுங்க.”

டிஸ்பென்சரியில் ஷூ போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர். இன்னொருவன் இவன். வெறுங்காலோடு வருகிற கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்பதில் அவனுக்கு ஒரு சுகம். நாற்காலியில் உட்கார்ந்து இடது ஷூவின் முடிச்சை அவிழ்த்து இழுத்தான். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது உள்ளே ஏதோ ஒன்று ஈரமாக வழுக்கிக்கொண்டு விடுபட்டது, ஷூ கையோடு வந்தது. குதிகால் இருக்கும் இடத்தில் தேய்ந்த தோலைக் குத்திக்கொண்டு ஒரு ஆணி சுண்டுவிரல் அகலத்துக்கு நிமிர்ந்து நின்றது. அதன் மேல் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது.

காலைத் தூக்கிப் பார்த்தான். குதிகாலில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் சதை நூல்நூலாகத் தொங்கியது. ஒரு நாளில் இப்படி ஆகாது, பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். பத்து நாளும் தினம் கழற்றி மாட்டியும் குதிகாலைத் திருப்பிப் பார்க்காமல் அந்த ஆணியின் மேல்தான் நடந்திருக்கிறான், டிராம் பிடிக்க ஓடியிருக்கிறான். ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. இப்போதும் இல்லை. விரலை விட்டுப் பார்த்தான். யாருடைய காலையோ தொடுவது போலத்தான் இருந்தது.

“டாக்டராண்ட காட்டுங்க,” என்றாள் ராஜாத்தி.

“வாயை மூடு,” என்றான்.

அன்று சோறு இறங்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டு, காலைத் தனியாக ஒரு கோணிமேல் வைத்துக்கொண்டு, அவன் யோசித்தான். யோசிப்பது என்றால் முதலில் அடுத்தவனைக் குறைசொல்வது. ஷூ தைத்தவன் அயோக்கியன். டாக்டர் பாஸ்கரோ மீசை சரியாக முளைக்காத பையன், புஸ்தகம் படித்துப் பாஸ் செய்தவன். அவனிடம் காட்டினால் முதலில் ஊசியால் குத்தி வலிக்கிறதா என்று கேட்பான். வலிக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முழங்காலுக்குக் கீழே அறுக்கச் சொல்வான். இல்லையென்றால் குஷ்டம் என்று எழுதி ஊருக்கு வெளியே அனுப்பிவிடுவான். அப்படி எழுதி அனுப்பப்பட்டவர்களை அவன் பார்த்திருக்கிறான். திடகாத்திரமான ஆட்கள், வண்டியில் ஏறும்போது குழந்தை மாதிரி அழுதார்கள். அப்போது அவன் சிரித்தான். இப்போது கோணியின் ஓரத்தை இழுத்துக் காலை மூடினான். ஒரு கால் இல்லாமல், கண்டவனெல்லாம் பரிதாபப்பட, இந்தக் கூலி ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து பிச்சையெடுக்கவா? முடியாது. காலைக் காப்பாற்றியாக வேண்டும். அதை அவனைவிடச் சுத்தமாகச் செய்யக்கூடியவன் இந்தப் பட்டணத்தில் கிடையாது.

இதில் அவன் பொய் சொல்லவில்லை. செத்த சதையை எடுக்காமல் விட்டால் கீழே இருக்கும் உயிருள்ள சதை மேலே வராது, புண் ஆறாது. எடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், எங்கே நிறுத்துவது. ரத்தம் வந்தால் நிறுத்து என்பார் டாக்டர். ரத்தத்துக்கு என்ன தெரியும், ஆட்டுத்தொட்டியில் அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்ட செத்த ஆட்டிலும்தான் சொட்டுகிறது. செல்வநாதன் காதை வைத்து வேலை செய்கிறவன். முதல் கத்தல் வெறும் பயம், கத்தியைப் பார்த்ததும் வருவது. இரண்டாவது நடிப்பு, பாவம் பார்த்து விட்டுவிடுவான் என்று கத்துவது. மூன்றாவதுதான் சதை கத்துவது. அது தொண்டையிலிருந்து வராது, அடிவயிற்றிலிருந்து வரும். அதைக் கேட்டதும் கத்தியை எடுத்துவிடுவான். அதுவரை அம்மா என்றாலும் அல்லா என்றாலும் ஏசுவே என்றாலும் கை நிற்காது. கூலிக்காரன் எப்போது நிஜமாகக் கத்துகிறான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஒருத்தன்தான் கணக்கைக் கெடுத்தான். மூன்று வாரத்துக்கு முன் கெண்டைக்காலில் புண்ணோடு வந்த வேலப்பன், கப்பலில் கரி ஏற்றுகிறவன். இரண்டு தடவை கத்தினான். மூன்றாவது தடவை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செல்வநாதனின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கத்தவில்லை என்றால் இன்னும் செத்த சதைதான், ஆகவே செல்வநாதன் தொடர்ந்து எடுத்தான். காலைப் பிடித்துக்கொண்டிருந்த பச்சையம்மா போதும்யா, போதும்யா என்றாள். எலும்பு தெரிந்த பிறகுதான் நிறுத்தினான். நாலாம் நாள் வேலப்பன் செத்துப்போனதாக ஆள் வந்து சொன்னான். டாக்டர் கூப்பிட்டு வைத்து, வாயைப் பார்க்காதே, புண்ணைப் பார் என்று ஒரு மணி நேரம் பேசினார். கத்த வேண்டிய நேரத்தில் கத்தத் தெரியாத முரடன் செத்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று செல்வநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பன்னிரண்டு மணிக்கு, டிஸ்பென்சரியின் பூட்டைத் திறந்தான். ஞாயிறன்று யாரும் வரமாட்டார்கள். பின்கட்டில் பச்சையம்மா மட்டும் வாரத்துக் கட்டுத்துணிகளை அண்டாவில் போட்டு வேகவைத்துக்கொண்டிருப்பாள், அவளுக்கும் இந்த அறைக்கும் நடுவில் இரண்டு கதவு இருக்கிறது. வெளியே கரிமேடுகள் வெயிலில் கொதித்தன. தூரத்தில் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் வரிசையாக ஓடி அடங்கியது. கூரைத் தகரம் சூட்டில் டக் டக்கென்று விரிந்தது, எங்கேயோ ஒரு காக்காய் விடாமல் கரைந்துகொண்டிருந்தது, சுவரில் 1933 என்று போட்ட காலண்டர் காற்றில்லாமல் தொங்கியது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. பகலில் இந்த அறை இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

நோயாளிகள் படுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தான். பதினாறு வருஷத்தில் அதில் உட்கார்ந்ததே இல்லை. பலகை வழவழவென்றிருந்தது, இரண்டு ஓரத்திலும் விரல்கள் பிடித்துப் பிடித்துக் குழி விழுந்திருந்தது. அருவருப்போடு கையை எடுத்துக்கொண்டான். வேட்டியை மடித்து, முழங்காலுக்குக் கீழே ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, எனாமல் தட்டைக் காலுக்கடியில் வைத்து, சாமணத்தால் செத்த சதையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் கத்தியை வைத்தான்.

வலிக்கவில்லை. சதை நனைந்த அட்டை மாதிரி வந்தது.

வெளியே எவனோ கத்தினான்.

செல்வநாதன் தலையைத் தூக்கினான். கரிக்கிடங்குப் பக்கமிருந்து வந்த மாதிரி இருந்தது. எவனாவது குடித்துவிட்டு அடி வாங்குவான். கேட்டதும் பழக்கத்தில், இது பயத்தில் கத்துவது, முதல் கத்தல் என்று மனசு தானாகவே சொல்லிக்கொண்டது. லேசாகச் சிரித்துக்கொண்டு குனிந்தான். கறுத்த ஓரத்தைச் சுற்றி வட்டமாக அறுத்தான். கீழே இருந்தது சிவப்பாகத்தான் தெரிந்தது, பளபளவென்று, உயிருள்ள சதை மாதிரி. ரத்தம் தட்டில் சொட்டியது. ஆனால் வலியில்லையே. வலியில்லாவிட்டால் அது எப்படி உயிருள்ளதாகும்? கண் ஆயிரம் காட்டும். அந்த டாக்டர்ப் பையன் என்றால் இங்கேயே ஏமாந்திருப்பான்.

இன்னும் கொஞ்சம் எடுத்தான். மறுபடியும் கத்தினான் அந்த ஆள்.

“வாணாம் நைனா. வுட்டுடு நைனா.”

இப்போது கிட்டத்தில் கேட்டது, ஜன்னலுக்கு வெளியே நின்று கத்துகிற மாதிரி. அந்தப் பேச்சைக் கேட்டாலே செல்வநாதனுக்குப் பற்றிக்கொண்டு வரும். காசிமேட்டில் வலை இழுக்கிறவனுக்குப் பிறந்து, இந்தப் பேச்சைத்தான் பேசி வளர்ந்து, அதை ஒவ்வொரு சொல்லாக நாக்கிலிருந்து வழித்து எறிந்தவன் அவன். இரண்டாவது கத்தல், சுத்த நடிப்பு என்று முணுமுணுத்தான். கை வேலையைத் தொடர்ந்தது. குதிகால் முடிந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு எட்டிப் பார்த்தது. இன்னும் வலி வரவில்லை. செத்த சதை மேலே எதுவரையோ போயிருக்கிறது. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தான். அங்கேயும் ஒன்றும் இல்லை. கணுக்காலுக்கு மேலே கிள்ளிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு நிஜமாகப் பயம் வந்தது. எத்தனை தூரம் போயிருக்கும்? எங்கேயாவது ஓர் இடத்தில் உயிர் தொடங்கியாக வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், நொண்டிக்கொண்டாவது போய்விடலாம். கெண்டைக்காலில் கத்தியை நீளமாக இழுத்தான்.

கத்தினான் அவன். வெளியே இருப்பவன். அடிவயிற்றிலிருந்து.

செல்வநாதனின் கை நின்றது. பதினாறு வருஷப் பழக்கம் அதை நிறுத்தியது. இது மூன்றாவது. சந்தேகமே இல்லை. சதை கத்துகிறது. ஆனால் யாருடைய சதை?

கத்தி நின்றதும் குரலும் நின்றது.

காக்காய்ச் சத்தமும் இல்லை. ரயில் சத்தமும் இல்லை. ரத்தம் தட்டில் விழுகிற சத்தம் மட்டும்.

கத்தியை மெதுவாக, நுனி மட்டும் படும்படி வைத்தான்.

குரல் முனகியது.

எடுத்தான். நின்றது.

வைத்தான். முனகியது.

வேலப்பன் என்று நினைத்தான், உடனே அப்படி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான். செத்தவன் வந்து ஜன்னலில் நின்று கத்துவதையெல்லாம் நம்புகிறவர்கள் அந்தக் கூலி ஜனங்கள். மூன்று வாரமாகக் கத்தாமல் வைத்திருந்ததை இப்போது வந்து கத்துகிறானா? கத்தட்டும். கத்தித் தொலைக்கட்டும். அவன் கத்துவதற்கெல்லாம் நிறுத்த முடியாது. வலிக்க வேண்டியது எனக்கு. கத்த வேண்டியவன் நான். நான் கத்தவில்லை. அப்படியென்றால் இது செத்த சதைதான்.

கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்ததுதான் ஆறுதல்.

அறுத்தான்.

குரல் எழுந்தது. அறை முழுக்க. சுவர் அதிர்ந்தது. அலமாரியில் டிங்சர் புட்டிகள் கிணுகிணுத்தன.

அறுத்தான். விலக்கினான். தட்டில் போட்டான்.

இல்லை. இன்னும் வலி இல்லை.

மேலே. இன்னும் மேலே.

ரப்பர் குழாய் குறுக்கே நின்றது. அதையும் அறுத்தான்.

கதவு திறந்தது. பச்சையம்மா ஆவி பறக்கும் கட்டுத்துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். துணிகள் கீழே விழுந்தன.

“இன்னாயா இது. இன்னாயா பண்ணிக்கினு கீற.”

“நீ ஏன் இங்கே வந்தாய்?” என்றான் செல்வநாதன். “வெளியே எவனோ கத்துகிறான். போய் அவனை விரட்டு.”

அவள் நகரவில்லை. அவன் பேசியதே காதில் விழாதவள் போல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேர் கத்தக் கத்தக் கால் பிடித்தவள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“போய் விரட்டு என்றேன்.”

“டிரஸ்ஸரய்யா,” என்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “கத்தாதய்யா. கத்திய கீழ போடுய்யா.”

“நானா? கத்துகிறவன் வெளியே நிற்கிறான்,” என்று இடது கையால் ஜன்னலைக் காட்டினான்.

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். “வெளிய ஒருத்தரும் இல்ல. நான் பின்னால இர்ந்து கேட்டுகினே வர்றேன். கத்தறது நீதான்யா.”

அறிவு கெட்ட ஜென்மம். ஒரு வார்த்தை புரியாது, ஒன்றை இன்னொன்றாகப் பார்க்கும். இவளிடம் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. என் வாய் மூடித்தான் இருக்கிறது, பார் என்று காட்டுவதற்காக இடது கையை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

உதடு அந்த இடத்தில் இல்லை.

விரல்கள் பல்லைத் தாண்டி உள்ளே போயின. வாய் தாடை கழன்றுவிடும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து சூடான காற்று அதிர்ந்துகொண்டு வந்து விரல்மேல் மோதியது, நிற்காமல் மோதிக்கொண்டே இருந்தது. நாக்கு துடித்தது. எச்சில் முழங்கை வரை ஓடியிருந்தது. எவ்வளவு நேரமாக? உள்ளங்கையை வைத்து வாயை அடைத்தான். ஜன்னலுக்கு வெளியே கத்தியவனின் குரல் அடைத்துக்கொண்டது. கையை எடுத்தான். அவன் விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினான்.

நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும் என்று செல்வநாதனுக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தான்.

வலது கை நிற்கவில்லை. அது முழங்காலைத் தாண்டி வந்திருந்தது. சாமணமும் இல்லாமல், கத்தி நுனியாலேயே தொடையின் அடுத்த துண்டைத் தூக்கி, நிதானமாக, அவசரமே இல்லாமல் விலக்கிக்கொண்டிருந்தது.